துறைமுகத்தைத் தாண்டாத போத்தல்

ஐயா, மஸ்கெலியாவில் ஆசிரியராக இருக்கிறேன். அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளே மற்றவர்கள் வைத்திருக்கக் கூடாது என்பது என்ன நியாயம் என்று ஒரு மாணவன் கேட்டான். தடை ஒப்பந்தங்கள் எல்லாமே நாடகம் என்றேன். சரிதானா? கொழுந்து பறித்துப் பிழைக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள தம்பி,

பிள்ளை நன்றாகத்தான் கேட்டிருக்கிறான். உங்கள் பதில்தான் சோம்பேறிப் பதில். அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஐந்து நாடுகளை மட்டும் ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொண்டது. 1995இல் அதைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கண்டி திரினிட்டி கல்லூரியில் படித்த ஜயந்த தனபால. மலைநாட்டு ஆசிரியர் ஒருவர் சம்பந்தம் என்ன என்று கேட்கலாமா? சரி, விடுவோம்.

தடை எதுவும் பலிக்காது என்ற உங்கள் அலட்சியத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் பூச்சிகொல்லி தேடப்போய்த்தான் தபூன் என்ற நரம்பு நஞ்சைக் கண்டார். அதே வகை இரசாயன ஆயுதமான சரின் அதன் பின்னால் வந்தது. நம் மரக்கறித் தோட்டங்களில் அடித்த ஆர்கனோபொஸ்பேட் மருந்துகளும் அதே குடும்பம்தான். நஞ்சை முறிக்கப் போடும் அட்ரோப்பின் ஊசிகூட ஒன்றே.

நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்துக் காம்பரா அக்கா மனமொடிந்து அந்தப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். கண்மணிகள் குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தன. டாக்டர் ஊசி போடுவதும் டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பதும் மறுபடி ஊசி போடுவதுமாக விடியும்வரை நின்றார். அக்கா பிழைத்தார்.

எல்லோரும் பிழைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் தற்கொலையில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. 1995இல் மொனோகுரோட்டோபோஸ், மெத்தமிடோபோஸ் போன்ற கடும் நஞ்சுப் பூச்சிமருந்துகளுக்குத் தடை வந்தது. வறுமை ஒழிந்துவிடவில்லை, குடி ஒழிந்துவிடவில்லை, போரும் முடிந்துவிடவில்லை. ஆனாலும் அடுத்த பத்தாண்டில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியானது. யாருடைய புத்திமதியாலும் நடந்ததல்ல தம்பி. போத்தல் துறைமுகத்தைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதச் சமவாயமும் இப்படித்தான் வேலை செய்கிறது. மூலப்பொருள்களுக்குப் பட்டியல் உண்டு. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் அதன் அமைப்பிலிருந்து பரிசோதகர்கள் ஆலைக்குள்ளேயே போய்க் கணக்குப் பார்க்கிறார்கள். நாடுகள் ஒப்புக்கொண்ட கையிருப்பு 72,000 தொன்னுக்கு மேல். அதன் கடைசிப் பகுதியை 2023 ஜூலையில் அமெரிக்கா அழித்து முடித்தது. சமவாயத்தில் சேர்ந்த பிறகும் இரசாயன ஆயுதத்தைக் கைவிடாமல் சிரியா ஏமாற்றியதே என்பீர்கள். ஏமாற்றியது. அதை அம்பலப்படுத்தியதும் ஹேக்கிலிருந்து போனவர்கள்தான்.

அந்த மாணவனிடம் அநியாயத்தை அநியாயம் என்றே சொல்லுங்கள். நாடகம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டில் மருந்துப் போத்தலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.