வி1-ஐ எங்கே ஒட்டினீர்கள்? – இசிஜி கேள்வி-பதில்

இசிஜி (இதயத்தின் மின்சாரப் பதிவு) பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதி பிளாக்கை, அதாவது இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதையில் வரும் தடையைப் பற்றி, மீதி இதய அறை வீக்கத்தைப் பற்றி. முன்பு சொன்னதையே மறுபடி சொல்கிறேன்: 12 லீடும் (இதய மின்சாரத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவுகள்) உள்ள முழுத் தாள், வயது, சாப்பிடும் மாத்திரைகள், கிடைத்தால் பழைய இசிஜி. இவை நான்கும் இல்லாத கேள்விக்குப் பதில் அரைகுறையாகத்தான் வரும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கிளினிக் நர்ஸாக இருக்கிறேன். 42 வயதுக்காரருக்கு இன்சூரன்ஸ் மெடிக்கலில் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக் (கீழறைக்குப் போகும் வலது மின்கிளையில் தடை) என்று வந்தது. "பிளாக்" என்றதும் ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று குடும்பமே கலங்கிவிட்டது. எப்படி விளக்குவது?

பதில்: ரத்தக் குழாயில் அடைப்பு வேறு, மின்சாரம் ஓடும் பாதையில் தடை வேறு என்று முதலில் பிரித்துச் சொல்லுங்கள். வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்தால் பிளம்பர், வயர் போனால் எலக்ட்ரீஷியன். இது வயர் சங்கதி. பிறகு தாளை நீங்களே ஒருமுறை பாருங்கள். க்யூஆர்எஸ் (கீழறைகள் தூண்டப்படும் அலை) மூன்று சின்னக் கட்டமாவது, அதாவது 120 மில்லி விநாடியாவது, அகலம் இருக்க வேண்டும். மார்பு லீடுகளில் முதலாவதான வி1-இல் முயல் காது போல இரண்டாவது ஆர் (மேல்நோக்கிய கூர்) உயரமாக நிற்க வேண்டும். லீட் 1, வி6 இரண்டிலும் அகலமான, மெல்லச் சரியும் எஸ் (ஆருக்குப் பின் வரும் கீழ்நோக்கிய கூர்) வேண்டும். மூன்றும் இருந்து, ஆள் மூச்சுவாங்கல், மயக்கம் எதுவும் இல்லாமல் இருந்தால், ஒரு டாக்டர் இதயத்தைக் கேட்டுப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்தால் பெரும்பாலும் போதும். நம் டர்பன் மக்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது என்பது உண்மை. அதற்காகச் சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் பற்றிக் கேளுங்கள். வி1-இல் முயல் காது இருக்கிறதே என்பதற்காக அல்ல.

கேள்வி: பிஆர் (மேலறை தூண்டப்படத் தொடங்கியதிலிருந்து கீழறை தூண்டப்படத் தொடங்கும் வரை உள்ள நேரம்) 0.22 விநாடி. பேஸ்மேக்கர் வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் இளம் பெண்கள் பலருக்கு மெஷின் "இடது மேலறை வீக்கம்" என்றும் "முழுமையற்ற ரைட் பண்டில் பிளாக்" என்றும் அச்சடிக்கிறது. சிலருக்கு "பழைய செப்டல் இன்ஃபார்க்ட்" (இதய நடுச்சுவரில் பழைய மாரடைப்பு) என்றுகூட வருகிறது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் எல்லாம் நார்மல். இந்திய வம்சாவளி என்பதால் இப்படியா?

பதில்: வம்சாவளியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்டிக்கர் (எலக்ட்ரோடு) ஒட்டுகிற விரலைப் பாருங்கள்.

வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டியவை. நடைமுறையில் அவை இரண்டாவதிலோ மூன்றாவதிலோ உட்கார்ந்திருக்கும். பெண்களிடம் இது இன்னும் அதிகம். சட்டையின் மேல் பட்டன் இரண்டைத் திறந்துவிட்டு, தெரிகிற இடத்தில் ஒட்டிவிடுகிறோம். கூச்சம் புரிகிறது. அதற்குத் திரைச்சீலை இருக்கிறது, மேலே போர்த்தத் துண்டு இருக்கிறது, பெண் ஊழியர் இருக்கிறார். "ஆன்ட்டி, பிளவுஸைக் கழற்றிவிட்டு இந்தத் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். அதை மிச்சப்படுத்தினால் ஒரு பெண் எக்கோவுக்காக மாதக்கணக்கில் வரிசையில் நிற்பாள்.

ஏன் இப்படி ஆகிறது? மேலறையின் மின் அலை மேலிருந்து கீழாக, இடப்பக்கம் ஓடுகிறது. எலக்ட்ரோடு உயரத்தில் இருந்தால் அலை அதைவிட்டு விலகியே போகும். பி அலையின் (மேலறை தூண்டப்படும் அலை) பின்பாதி மட்டுமல்ல, முழுவதுமே கீழே கவிழ்ந்துவிடும். மெஷின் அதை இடது மேலறை வீக்கம் என்று எடுத்துக்கொள்ளும். கீழறையின் அடிப்பகுதி கடைசியாகத் தூண்டப்படும்போது மின்விசை மேல் நோக்கிப் போகும். உயரத்தில் இருக்கும் எலக்ட்ரோடு அதைச் சின்ன இரண்டாவது ஆர் ஆகக் காட்டும். அதுதான் உங்கள் "முழுமையற்ற பிளாக்". வி2-இல் ஆர் சுருங்கிப்போகும். அதுதான் உங்கள் "பழைய இன்ஃபார்க்ட்". ஒரே தப்பு, மூன்று பொய் நோய்.

தாளிலேயே கண்டுபிடிக்கலாம். வி1-இன் பி அலை ஏவிஆர் லீடில் உள்ளது போலவே முழுக்கக் கவிழ்ந்திருக்கிறதா? வி2-இலும் பி கவிழ்ந்திருக்கிறதா? ஸ்டிக்கர் மேலே இருக்கிறது, கழற்றி ஒட்டுங்கள்.

ஒட்டும் முறை: கழுத்துக் குழியில் விரலை வைத்து மார்பெலும்பு வழியாகக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய நான்கைந்து சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து வலப்பக்கம் நகர்ந்தால் இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு பள்ளம் இறங்கினால் நான்காவது. மார்பெலும்பின் வலது ஓரத்தில் வி1, அதே மட்டத்தில் இடது ஓரத்தில் வி2. அடுத்து வி3-க்குப் போகாதீர்கள். ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வி4-ஐ ஒட்டிவிட்டு, வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி5 அக்குளின் முன்கோட்டில், வி6 அக்குளின் நடுக்கோட்டில். இரண்டும் வி4-இன் படுக்கை மட்டத்திலேயே போக வேண்டும். விலா வளைந்து மேலே போகிறதே என்று கூடவே ஏறிப் போகாதீர்கள். மார்புக் காம்பை அடையாளமாக வைக்கவே வேண்டாம், அது ஆளுக்கு ஆள் இடம் மாறும்.

கேள்வி (வாட்ஸப் படம் மட்டும், இரண்டு லீட், வயது இல்லை): இது என்ன பிளாக், டாக்டர்?

பதில்: வெட்டி அனுப்பிய படத்தில் தாளின் வேகம்கூடத் தெரியவில்லை. விநாடிக்கு 25 மி.மீ. ஓட வேண்டிய தாள் 50-இல் ஓடியிருந்தால் எல்லாமே இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். நார்மல் ஆளுக்கும் "பிளாக்" வரும். ஓரத்தில் அச்சான எழுத்தோடு முழுத் தாளும் வேண்டும்.

கேள்வி: டர்பன் பக்கம் டோங்காட்டில் பயிற்சி டாக்டர். இரண்டு பி-க்கு ஒரு க்யூஆர்எஸ் வருகிறது. மோபிட்ஸ் ஒன்றா இரண்டா?

பதில்: அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மோபிட்ஸ் ஒன்று (வென்கெபாக்) என்றால் பிஆர் நீண்டுகொண்டே போய் ஒரு துடிப்பு விழும்; இரண்டு என்றால் நீளாமலே விழும். பிஆர் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறதா என்று பார்க்க, அடுத்தடுத்து இரண்டு பி-யாவது கீழே கடத்தப்பட வேண்டும். இங்கே ஒன்று விட்டு ஒன்றுதான் போகிறது. "2:1 பிளாக்" என்று மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, தடை எந்த மட்டத்தில் என்று ஊகியுங்கள். க்யூஆர்எஸ் ஒல்லியாக, கடத்தப்பட்ட துடிப்பின் பிஆர் நீளமாக இருந்தால் பெரும்பாலும் ஏவி முடிச்சிலேயே (மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மின் சந்திப்பு) தடை, அவ்வளவு பயமில்லை. க்யூஆர்எஸ் அகலமாக, பிஆர் நார்மலாக இருந்தால் தடை அதற்குக் கீழே, கிளைகளில். எப்போது வேண்டுமானாலும் முழு பிளாக்காக மாறலாம். ஒரு நிமிடமாவது நீள ஸ்ட்ரிப் ஓட்டுங்கள். நடுவில் எங்காவது 3:2 வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துடிப்பு விழுவதற்கு முந்தைய பிஆரையும் விழுந்த பிறகு வரும் முதல் பிஆரையும் ஒப்பிடுங்கள். பின்னது குட்டையாக இருந்தால் வென்கெபாக், இரண்டும் ஒன்றாக இருந்தால் மோபிட்ஸ் இரண்டு. டச்சு மருத்துவர் வென்கெபாக் இதை இசிஜி இல்லாமல், 1899-இல், நாடித் துடிப்புப் பதிவை அளந்தே கண்டுபிடித்தார். நம்மிடம் 12 லீட் இருந்தும் காலிப்பரை (தூரம் அளக்கும் கருவி) எடுக்கச் சோம்பல்.

நாடியை வேகப்படுத்தும் அட்ரோபின் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தடை கீழே இருந்தால் அட்ரோபின் மேலறையை மட்டும் வேகப்படுத்தும். 2:1 போய் 3:1 ஆகி நாடி இன்னும் குறையும். அகல க்யூஆர்எஸ்-காரருக்குப் பக்கத்தில் பேசிங் பேட் (வெளியிலிருந்து இதயத்தைத் துடிக்க வைக்கும் ஒட்டு) இல்லாமல் அந்த ஊசியைத் தொடாதீர்கள்.

கேள்வி: இடையிடையே ஒரு துடிப்பு விழுகிறது. மோபிட்ஸ் இரண்டு என்று ரெஃபர் செய்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: இடைவெளிக்கு முந்தைய டி அலையை (க்யூஆர்எஸ்-க்குப் பின் வரும் அலை) பார்த்தீர்களா? மற்ற டி-களைவிட அது கூர்மையாகவோ முதுகில் புடைப்போடோ இருந்தால், உள்ளே ஒரு பி ஒளிந்திருக்கிறது. முந்திக்கொண்டு வந்த மேலறைத் துடிப்பு அது. ஏவி முடிச்சு இன்னும் தயாராகாததால் கடத்தப்படவில்லை. உண்மையான மோபிட்ஸில் பி-க்கு பி தூரம் ஏறக்குறையச் சமமாக ஓடும். ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தில் மூன்று பி-யைக் குறித்து நகர்த்திப் பாருங்கள். காரணமில்லாத இடைவெளிக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான்.

கேள்வி: 19 வயது, ஒல்லி, கால்பந்து ஆடுகிறான். வி1-இன் எஸ், வி5-இன் ஆர் கூட்டினால் 38 மி.மீ. இடது கீழறை வீக்கமா? அதே நாளில் 61 வயது, இருபது வருட பிரஷர் உள்ள அம்மாவுக்கு இசிஜி நார்மல். எக்கோவில்தான் வீக்கம் தெரிந்தது.

பதில்: நல்ல கேள்வி. இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூட்டிய இந்தச் சொகோலோவ்-லயன் கணக்கு 1949-இல் வந்தது, 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் வீக்கம் என்கிறது. ஆனால் எலக்ட்ரோடு அளப்பது தசையை அல்ல, தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை. ஒல்லிப் பையனின் மார்பு மெல்லிசு, 40 கூடத் தொடும். அம்மாவின் மார்பில் சதை தடிமன், உயரம் அமுங்கிவிடும். அவருக்குக் கார்னெல் கணக்கும் போடுங்கள்: ஏவிஎல்-இன் ஆரும் வி3-இன் எஸ்ஸும் கூட்டினால் பெண்ணுக்கு 20, ஆணுக்கு 28 தாண்டக் கூடாது. ஏவிஎல்-இல் ஆர் மட்டுமே 11 தாண்டினாலும் சந்தேகப்படலாம். உயரத்தோடு வி5, வி6-இல் எஸ்டி (க்யூஆர்எஸ்-க்கும் டி-க்கும் நடுவிலுள்ள கோடு) சரிந்து டி கவிழ்ந்திருந்தால், இடது மேலறையும் பெருத்திருந்தால் நம்பிக்கை கூடும். உயரம் மட்டும் என்றால், இளைஞனிடம் அதற்கு மதிப்பு குறைவு. ஆனால் டி கவிழ்ந்திருந்தாலோ, ஓடும்போது மயங்கியிருந்தாலோ, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ மைதானத்தை நிறுத்திவிட்டு எக்கோ எடுங்கள்.

அளப்பதற்கு முன் தாளின் ஓரத்தில் உள்ள செவ்வகத்தைப் பாருங்கள், 10 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் சில மெஷின்கள் தாமாகவே 5-க்கு இறங்கிவிடும். 38 என்பது 19 ஆகிவிடும். ஃபில்டர் 40 ஹெர்ட்ஸில் இருந்தாலும் ஆர் கொஞ்சம் குட்டையாகும்.

கேள்வி: லெஃப்ட் பண்டில் பிளாக் உள்ளவருக்கு இந்தக் கணக்கு செல்லுமா?

பதில்: நம்பி எழுத முடியாது. எக்கோ.

கேள்வி: ரைட் பண்டில் பிளாக், ஆக்ஸிஸ் (இதய மின்விசையின் சராசரித் திசை) மைனஸ் 60, பிஆர் 0.24. மெஷின் "மூன்று கிளை பிளாக்" என்கிறது. ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பதில்: அந்தப் பெயரே தப்பு. மூன்று கிளையும் (வலது, இடது முன், இடது பின்) அடைத்திருந்தால் அது முழு பிளாக். உங்கள் தாளில் இருப்பது இரண்டு கிளைத் தடையும் நீண்ட பிஆரும். அந்த நீளம் ஏவி முடிச்சிலிருந்துகூட வரலாம். அப்படியே விரித்து எழுதுங்கள். தொந்தரவு இல்லையென்றால் கண்காணிப்பு போதும். ஒரு முறை காரணமில்லாமல் மயங்கி விழுந்திருந்தால் கதை வேறு, அன்றே ரெஃபர் செய்யுங்கள். ஒருநாள் ரைட், இன்னொருநாள் லெஃப்ட் என்று மாறி மாறி வந்தாலும் அப்படியே. பழைய இசிஜியைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த நாட்டில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: குடும்பத்தில் யாருக்காவது பேஸ்மேக்கர் உண்டா? ரைட் பண்டில் பிளாக்கில் தொடங்கி முழு பிளாக்கில் முடியும் பரம்பரை நோய் ஒன்றை 1977-இல் தென்னாப்பிரிக்க ஆஃப்ரிகானர் குடும்பங்களில் விவரித்தார்கள். 2009-இல் டிஆர்பிஎம்4 என்ற ஜீன் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. நோயாளி எந்த இனமாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குச் செலவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஃபர்ஸ்ட் டிகிரி பிளாக் (பிஆர் மட்டும் நீண்டிருப்பது), நாடியைக் குறைக்கும் அட்டெனோலால் சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

பதில்: நீண்ட பிஆர் மட்டும் தடையில்லை. டர்பனின் தைமாத வெயிலும் வெறும் வயிறும்தான் ஆளைச் சாய்க்கும். தண்ணீர் குடிக்கட்டும், விரதம் என்று மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். முன்பு எப்போதாவது மயங்கியிருந்தாலோ, நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ, க்யூஆர்எஸ் அகலமாக இருந்தாலோ முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் முருகனைப் பார்க்கட்டும்.

கேள்வி: 28 வயது, ஆறு மாத கர்ப்பம், படுத்தால் மூச்சு முட்டுகிறது. லீட் 2-இல் பி ஒட்டகத் திமில் போல இரட்டை மேடு.

பதில்: பி மூன்று சின்னக் கட்டத்துக்குக் குறையாமல் அகலம், மேடுகளுக்கு நடுவே ஒரு கட்டமாவது இடைவெளி, வி1-இல் பி-யின் பின்பாதி ஒரு கட்டம் ஆழம், ஒரு கட்டம் அகலம் – இருந்தால் இடது மேலறை பெருத்திருக்கிறது. கூடவே ஆக்ஸிஸ் வலப்பக்கம் திரும்பி, வி1-இல் எஸ்ஸைவிட ஆர் உயரமாக இருந்தால் வலது கீழறையும் சுமக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன மைட்ரல் வால்வுச் சுருக்கம் என்று வையுங்கள். இன்றே அனுப்புங்கள், கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய தாள் இது அல்ல. (வலது மேலறை என்றால் பி அகலமாகாது, லீட் 2-இல் இரண்டரைக் கட்டத்துக்கு மேல் கூராக எழும்பும்.)

கேள்வி: டிபிக்குப் பெடாகுவிலின் சாப்பிடுபவருக்குப் பண்டில் பிளாக். க்யூடிசி (க்யூஆர்எஸ் தொடங்கி டி முடியும் வரை உள்ள நேரம், நாடிக்குத் தக்கபடி திருத்தியது) 510 மில்லி விநாடி. மருந்தை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். க்யூஆர்எஸ் அகலமானால் க்யூடியும் அதோடு நீளும். அந்த அகலத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம், மக்னீசியம் பார்த்து, டிபி டாக்டரிடம் அன்றே பேசுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கின்றி நடுங்குவது), டிகாக்ஸின் சாப்பிடுகிறார். தாறுமாறாக இருந்த நாடி இந்த வாரம் ஒழுங்காக 42-இல் ஓடுகிறது. மருந்து நன்றாக வேலை செய்கிறது அல்லவா?

பதில்: இசிஜியின் அடிப்படைக் கோடு இன்னும் நடுங்கிக்கொண்டிருக்க, க்யூஆர்எஸ் மட்டும் கடிகாரம் போல வந்தால், மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். முழு பிளாக். டிகாக்ஸின் அளவு மீறியிருக்கலாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்; பொட்டாசியம், சிறுநீரகம், டிகாக்ஸின் அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, பசியின்மை, மஞ்சளாகத் தெரிகிறது என்ற புகார் உண்டா என்று கேளுங்கள். வீட்டு வேலியில் அரளி இருந்து யாராவது கை மருந்து அரைத்துக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். அரளியின் விஷம் டிகாக்ஸினின் பங்காளி.