இசைச் சிகிச்சைப் பதிவுகளில் பரிமாற்றத்தை எப்படிக் கண்டறிவது?

சிறப்புப் பள்ளி ஒன்றில் இசைச் சிகிச்சை அளிக்கும் வாசகி ஒருவர், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவனுடன் நடத்திய அமர்வுகளைக் காணொளியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். சிறுவனின் டிரம் தட்டலும் தம் கீபோர்டு வாசிப்பும் தாளத்தில் ஒன்றி வருவதால், இருவருக்குமிடையே பரிமாற்றம், அதாவது ஒருவருக்கொருவர் பதில் தருவது, நிகழ்கிறது என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்கிறார்.

தாளம் ஒன்றுவதை மட்டுமே ஆதாரமாக வைத்து அப்படி எழுத வேண்டாம். 1959இல் பால் நார்டாஃபும் கிளைவ் ராபின்ஸும் இங்கிலாந்தில் தொடங்கிய இசைச் சிகிச்சை மரபில், குழந்தை எழுப்பும் ஒலியை எடுத்துக்கொண்டு அதன்மேல் உடனுக்குடன் இசையமைப்பதே சிகிச்சையாளரின் வேலை. பழகிய கை தானாகவே குழந்தையைப் பின்தொடரும் என்பதால், பதிவில் தெரியும் இணக்கம் முழுவதும் உங்கள் திறமையாகவே இருக்கக்கூடும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தைக் கடம் எடுத்துக்கொள்வதுபோல, நீங்கள் விட்ட இடத்தைச் சிறுவன் எடுக்கிறானா என்பதைத்தான் தேட வேண்டும்.

முழு அமர்வையும் ஆராய்வது வீண் உழைப்பு. இரண்டு மூன்று நிமிடப் பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். மனத்துக்குப் பிடித்த பகுதிகளோடு, எதுவும் கைகூடாத பகுதி ஒன்றும் அவற்றில் இருக்கட்டும். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஈலான் மென்பொருளில், சிறுவனின் தட்டல், பார்வை, உடலசைவு, உங்கள் வாசிப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரிசைகளில் நேரத்தோடு குறிக்கலாம். மௌனத்தையும் ஒரு நிகழ்வாகவே குறியுங்கள்.

அடுத்து, நீங்கள் வேகத்தை மாற்றிய அல்லது வாசிப்பை நிறுத்திய இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்பின் குறிப்பிட்ட சில வினாடிகளுக்குள் சிறுவன் என்ன செய்தான் என்று எண்ணுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் தாமதமாக எதிர்வினை காட்டுவதால் அந்தக் கால அளவை மிகக் குறுக்க வேண்டாம். ஒருமுறை வகுத்ததை எல்லா அமர்வுகளுக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது ஒப்பீடுதான்: ஓயாமல் தட்டும் குழந்தை நீங்கள் எதைச் செய்தாலும் அதன்பின் தட்டத்தான் செய்யும். ஆகவே நீங்கள் எதையும் மாற்றாத இடங்களிலும் அதே கால அளவில் எண்ணிப் பார்த்து, இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் மட்டுமே பதில் தருகிறான் என்று சொல்லுங்கள்.

பின்பற்றுதல் மட்டுமே பரிமாற்றம் ஆகாது. இசைச் சிகிச்சை அறிஞர் கென்னத் புருஷியா 1987இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில், சார்ந்திருப்பவர், பின்தொடர்பவர், பங்காளி, முன்னின்று நடத்துபவர், எதிர்ப்பவர் என்று ஒருவரின் பங்கு பிரிக்கப்படுகிறது. வேண்டுமென்றே தாளத்தை உடைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் சிறுவன், கீழ்ப்படிந்து கூடவே தட்டும் சிறுவனைவிட அதிகமாகப் பேசுகிறான் என்பது என் கருத்து.

உங்கள் கணக்கை நீங்களே சரிபார்க்க இயலாது. சக சிகிச்சையாளர் ஒருவரிடம், எது முதல் மாதப் பதிவு, எது பிந்தையது என்று சொல்லாமல் அதே பகுதிகளைக் குறிக்கக் கொடுங்கள். இருவரின் குறிப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, தற்செயல் பொருத்தத்தைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் காப்பா அளவையால் மதிப்பிடலாம். பதிவை அவரிடம் காட்டப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம்.

'பரிமாற்றம் மேம்பட்டது' என்று பொதுவாக எழுதாமல், எத்தனை இடங்களில் எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் பதில் வந்தது என்று எழுதுங்கள். அது வீட்டிலும் நிகழும் என்று பெற்றோருக்கு உறுதி தராதீர்கள்: ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு இசைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாகக் குறையவில்லை.