சிறைக்குள் எச்.ஐ.வி.: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

என் மகன் ரிமாண்டில் இருக்கிறான். அதே செல்லில் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இருக்கிறாராம். ஒரே டம்ளர், கொசு வேறு. மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது அழுகிறான்.

அம்மா, டம்ளரில் பரவாது. தட்டு, பீடி, கழிப்பறை, பக்கத்தில் படுப்பது எதிலும் பரவாது. கொசுவின் உடம்புக்குள் போன கிருமி பெருகாமல் அழிந்துவிடும், அதனால் கொசுக்கடியிலும் வராது. நெரிசலான செல்லில் காற்றில் பரவுவது காசநோய்தான். இரண்டு வாரம் தாண்டி இருமினால் சளிப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். அந்த மனிதரை மட்டும் யாரும் ஒதுக்க வேண்டாம்.

உள்ளே கையில் பச்சை குத்திக்கொண்டேன். ஊசியைத் தீயில் காட்டித்தான் குத்தினார்கள். பயமில்லைதானே?

இருக்கிறது தம்பி. டம்ளருக்குப் பயப்படுகிறவர்களே இதற்குத் தயங்காமல் கையை நீட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பேனா ஸ்பிரிங்கை நீட்டி ஊசியாக்கி, கரியைக் குழைத்து மையாக்கி, ஒரே ஊசியில் அடுத்தடுத்து நாலைந்து பேருக்குக் குத்துவார்கள். தீக்குச்சிச் சுடரில் ஒரு நொடி காட்டினால் முனை கறுக்கும், அவ்வளவுதான். சரி, ஊசி நன்றாகவே சூடாகியிருந்தாலும், முந்தின ஆளின் ரத்தம் கலந்த அதே மையில்தானே மறுபடி தொட்டுக் குத்துகிறார்கள்? எச்.ஐ.வி.யைவிட மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இந்த வழியில் இன்னும் சுலபமாகத் தொற்றும். பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். ஒரே பிளேடில் சவரம் செய்வதும் இப்படித்தான். மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. பெண்களிடமிருந்துதான் வரும், ஆணும் ஆணும் சேர்ந்தால் வராது என்று உள்ளே சொன்னார்கள்.

முழுத் தப்பு. ஆணுறை இல்லாத ஆசனவாய் உறவில், உறவை ஏற்கிறவருக்குள்ள ஆபத்து, யோனி வழி உறவில் பெண்ணுக்குள்ளதைவிட 10 மடங்குக்கும் மேல். மற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆள் திடகாத்திரமாக இருக்கிறார் என்பதை நம்பாதீர்கள், தொற்று வந்து பல வருடம் எதுவும் வெளியே தெரியாது. நாட்டில் பெரியவர்களில் சுமார் 0.2 சதவீதம் பேருக்கு இருக்கும் தொற்று, சிறைவாசிகளிடம் ஏறக்குறைய 2 சதவீதம். 1994-இல் டெல்லி திகார் சிறையில் ஆணுறை கொடுக்கலாம் என்று மருத்துவக் குழு சொன்னபோது நிர்வாகம் மறுத்தது. கொடுத்தால் உள்ளே உறவு நடப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். இப்படி மறைப்பதில் பாதிக்கப்படுவது கைதியும், அவர் வீட்டில் காத்திருக்கும் மனைவியும்தான். யாராவது பலவந்தப்படுத்தியிருந்தால் அது குற்றம். உடனே சிறை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

உள்ளே போகும்போது எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். போதுமா?

போதாது. அது அதற்கு முந்தைய நாட்களுக்கான பதில், அதிலும் கடைசி சில வாரங்களில் தொற்றியிருந்தால் காட்டாமல் போகலாம். கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து 3 மாதம் கழித்து நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) மறுபடி பாருங்கள், இலவசம்தான்.

கணவர் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர். திடீரென்று கைதாகிவிட்டார், மாத்திரை வீட்டிலேயே இருக்கிறது.

இன்றைக்கே செய்யுங்கள், நாள் தள்ளிப்போனால் மருந்துக்குக் கிருமி பழகிவிடும். அவருடைய ஏ.ஆர்.டி. சிகிச்சைப் புத்தகத்தின் நகலோடு சிறை மருத்துவரைப் பாருங்கள், அவர் மருந்து வாங்கும் மையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தருகிறது, விசாரணைக் கைதிக்கும் அது பொருந்தும். வாசலில் நிற்கிற எல்லோரிடமும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை, மருத்துவரிடம் மட்டும் போதும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.