உட்கார்ந்தால் சுகம், எழுந்தால்?

கேள்வி: இத்தாலிய பாணியில் தாழ்வான, ஆழமான மூன்று பேர் சோபா ஒன்றைச் சொல்லிச் செய்யப் போகிறோம். மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. அடியில் ஸ்பிரிங் போதும் என்கிறார் மிஸ்திரி. ஒரிஜினலில் இழுத்து அடித்த ரப்பர் பெல்ட்தானாமே? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: படத்தை வைத்து அளவு சொல்லாதீர்கள், மாமியாரை வைத்துச் சொல்லுங்கள். அந்த சோபாக்கள் கால் நீட்டிக் கிடப்பதற்கானவை. 1970-இல் மாரியோ பெல்லினி வடிவமைத்த கமலியோண்டா சோபாவில் ஒவ்வொரு இருக்கைத் துண்டும் 90 செ.மீ. சதுரம்!

மாமியாரைச் சுவரோடு ஒட்டி ஸ்டூலில் உட்கார வையுங்கள். சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, மூன்று விரல்கடை கழித்தால் வருவதே இருக்கையின் ஆழம். உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆள் உட்கார்ந்தால் 4, 5 செ.மீ. அமுங்கும். ஆகவே 43 வேண்டுமானால் காலியாக 47 இருக்கட்டும்.

பெல்ட் புதிய விஷயமல்ல. ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பெல்ட்டும் ஃபோமும் வைத்து மார்கோ ஸனூசோ செய்த 'லேடி' நாற்காலி 1951-இலேயே வந்துவிட்டது. இரண்டுமே உழைக்கும், கெடுவது அடிக்கிற விதத்தால். முன்பின்னாக மட்டும், உள்ளங்கை அகல இடைவெளி விட்டு பெல்ட் அடித்தால், நடு இருக்கை சீக்கிரமே தூளியாகிவிடும். குறுக்கிலும் பின்னச் சொல்லுங்கள். இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். முனையை மடித்து மறுபடி ஸ்டேபிள் பின் அடிக்க வேண்டும், இல்லையென்றால் உருவிக்கொண்டு வரும்.

ஃபோமில் '40 டென்சிட்டி' என்பது கனமீட்டருக்கு 40 கிலோ என்ற எடைக் கணக்கு. அது கெட்டியைச் சொல்லாது. கையால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். அடியில் 4 அங்குலம் கெட்டியானது, மேலே 1 அங்குலம் மெத்தென்று. இறகுத் திணிப்பு மும்பை மழைக்கு ஆகாது, ஈரம் குடித்து நாறும்.

தாழ்ந்த முதுகுதான் அழகு என்றால், தலை சாய்க்க மடக்கி நிமிர்த்தும் பகுதி வையுங்கள். விகோ மாஜிஸ்ட்ரெட்டி 1973-இல் மாராலுங்கா சோபாவில் இதற்கென்று சைக்கிள் செயினையே உள்ளே ஒளித்தார். நமக்கு, படிப்படியாக நின்று பிடிக்கும் ராட்செட் கீல் போதும்.

கேள்வி: 'இத்தாலியன் லெதர்' என்று வாங்கிய சோபா மூன்றே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. பாலிஷ் போடலாமா? (வாசகர், மாட்டுங்கா, மும்பை)

பதில்: வேண்டாம். உரிந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். துணி நெசவு தெரிந்தால் அது தோலே அல்ல, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். கடலோர ஈரக்காற்றில் அந்தப் பூச்சு சிதையும், ஒட்டி நிறுத்த முடியாது. சட்டம் ஆடாமல் இருந்தால், ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற மாதிரி கெட்டித் துணி உறை போட்டு, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.