பாயைச் சுருட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஸ்மீட்டன் தம்பதியின் கடல் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். படகு தலைகுப்புறப் புரண்டு உயிர் பிழைத்தவர்கள் அதே ஆண்டில், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள அதே கேப் ஹார்ன் முனைப் பக்கம் மறுபடியும் போனார்கள் என்ற இடம் வந்ததும், "போதும், நிறுத்து. இதற்குப் பெயர் கொழுப்பு" என்றார். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் யாரும் கடலுக்குப் போவதில்லை.

எனக்கு வேறு சந்தேகம். புயலில் மாட்டிக்கொண்டால் பாய்களைச் சுருட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே? வெளியே நின்று இரண்டு பேர் என்ன செய்துவிட முடியும்? நாங்கள் காரில் மதுரை போய்ச் சேர்வதற்குள் மூன்று சண்டை வந்துவிடுகிறது. அவர்கள் எப்படித்தான் சமாளித்தார்கள்?

பின்குறிப்பு: படகில் ஒரு பூனை இருந்ததாக எழுதினீர்கள். அது என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை.

ஒரு வாசகி, தூத்துக்குடி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் கடலோடி அல்ல. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலேயே கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன். கீழே எழுதுவதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. ஸ்மீட்டன் தம்பதியான மைல்ஸும் பெரிலும் இங்கிலாந்து போவதற்குக் காரணம் இருந்தது. மகள் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பனாமா கால்வாய் என்று ஒன்றும் இருந்தது. கேப் ஹார்ன் வழியாகத்தான் போவேன் என்றது ஆசை. 1939-லேயே டென்சிங்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இந்துகுஷ் மலையில் திரிச் மிர் சிகரம் ஏறப் போனவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் சுற்றுவழியைக் காட்டி என்ன பயன்?

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன யோசனையைத்தான் அவர்கள் இரண்டாவது முறை செய்தார்கள்.

முதல் முறை, 1957 பிப்ரவரி 14. கேப் ஹார்னுக்கு மேற்கே வெகுதூரத்தில், 46 அடி நீளமுள்ள 'ட்சூ ஹாங்' படகில் மூன்று பேர். உடன் வந்தவர் ஜான் கஸ்வெல். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் அடிக்க, பாய்களை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்கக் கனத்த வடம் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு அலைக்கு முன்னால் ஓடினார்கள். சுக்கான் பெரில் கையில். திரும்பிப் பார்த்தார். நீர்ச்சுவர் ஒன்று நின்றது. இடமும் வலமும் அதற்கு முடிவு தெரியவில்லை. படகின் பின்புறம் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, மேலாகத் தூக்கி எறியப்பட்டது. உள்ளே இருந்த ஆண்கள் மேலே வந்தபோது பாய்மரங்கள் இரண்டும் இல்லை, சுக்கான் இல்லை, மேல்கூரை இருந்த இடத்தில் ஆறடிச் சதுரத்தில் ஓட்டை. இடுப்புக் கயிறு அறுந்து கடலில் விழுந்திருந்த பெரில், தோள் அடிபட்ட நிலையிலும், மிதந்த மரத்துண்டுகளை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. வாளி எடுத்தார்கள். மணிக்கணக்கில் நீரை இறைத்தார்கள். கஸ்வெல் தச்சு வேலை தெரிந்தவர். உள்ளே கிடைத்த பலகையையும் பாய்த்துணியையும் வைத்து ஓட்டையை மூடினார். ஒட்டுப்போட்ட பாய்மரத்தோடு சிலி நாட்டின் கொரோனல் துறைமுகம் வரை வந்து சேர்ந்தார்கள். இதில் வீரம் என்று எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. வாளியும் ஆணியும்தான்.

இரண்டாவது முறை, அதே ஆண்டு டிசம்பர் 26. இப்போது தம்பதி மட்டும். ஓடிப் பார்த்தாகிவிட்டது, இனிச் சும்மா கிடப்போம் என்று எல்லாப் பாய்களையும் சுருட்டிவிட்டு இருவரும் உள்ளே போய்விட்டார்கள். பாயில்லாத படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு கிடக்கும். படகின் அகலத்துக்கு நிகரான உயரத்தில் ஓர் அலை வந்து விலாவில் உடைந்தால் அதுவே படகைக் கவிழ்த்துவிடக்கூடும். அப்படி ஓர் அலை படகை உருட்டிவிட்டது. பாய்மரங்கள் மறுபடியும் போயின.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. 'ஹீவ் டு' என்பார்கள். படகை நடுக்கடலிலேயே நிறுத்திவைப்பது. கடலோடிகளான லின், லாரி பார்டி தம்பதி இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் படகு 24 அடி, எஞ்சினே கிடையாது. பெரிய பாயை மிகச் சிறிதாகக் குறைத்து, படகைக் காற்றை நோக்கித் திருப்பும் விதத்தில் சுக்கானைக் கட்டிவிட வேண்டும். பாய் முன்னே தள்ளும். சுக்கான் முகத்தைத் திருப்பும். இரண்டும் ஒன்றையொன்று மடக்க, படகு காற்றுக்குச் சுமார் 50 பாகைச் சாய்வில் நின்று மெல்லப் பக்கவாட்டில் நழுவும். அப்படி நழுவிய இடத்தில், காற்று வரும் பக்கம், சுழிகள் நிறைந்த வழவழப்பான தடம் ஒன்று நீரில் விழுகிறது. சீறி வரும் அலை அந்தத் தடத்தில் ஏறியதும் தலை சாய்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. படகு முன்னே ஊர்ந்து தடத்தை விட்டு விலகினால் பயனில்லை; அதைத் தடுக்கப் பாராசூட் போன்ற கடல் நங்கூரத்தை அணியத்திலிருந்து விடுவார்கள். பெரில் பார்த்த அலைக்கு இது தாக்குப்பிடித்திருக்குமா? அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சண்டை விஷயம். இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் ஒருவர் மூன்று மணி நேரம் காவல், மற்றவர் மூன்று மணி நேரம் தூக்கம் என்று முறை வைப்பது வழக்கம். நாள் கணக்கில் கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்வதே முறை மாறும்போதுதான். சண்டைக்கு ஏது நேரம்? புயல் நேரத்தில் அந்த மூன்று மணித் தூக்கமும் போய்விடும். கடலில் பல தவறுகள் தூக்கம் கெட்ட தலையிலிருந்து வருபவை. படகை நிறுத்திவைப்பதன் பெரிய லாபம் அதுதான்; சூடாக ஏதாவது குடித்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கொஞ்சம் கண்ணயரலாம். கைகால் ஓய்ந்த பிறகல்ல, தெம்பு இருக்கும்போதே நிறுத்த வேண்டும். பாயைக் குறைக்கலாமா என்று தோன்றிய உடனே குறைத்துவிட வேண்டும் என்பது பழைய கடலோடி வழக்கம். கடலோடும் தம்பதிகள் பலர் இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்: இருவரில் யாருக்கு முதலில் பயம் வருகிறதோ அவர் சொல்வதே முடிவு. மதுரைச் சாலையிலும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் கணவர் என்னைத் திட்டமாட்டார் என்றால்.

ஸ்மீட்டன் தம்பதி 1968 டிசம்பரில் ஒரு நண்பருடன் அதே 'ட்சூ ஹாங்'கில் கேப் ஹார்னைச் சுற்றி முடித்தார்கள். இதையும் அவரிடம் சொல்லுங்கள். கொழுப்பு என்றுதான் சொல்வார்.

பூனை சயாமிய இனம். பெயர் ப்வே. இரண்டு முறையும் நனைந்ததோடு சரி.