கரையாத மருந்தும் பாலிமரும்: கேள்வி-பதில்

பாலக்கோடு பார்மசி மாணவர்: தண்ணீரில் சரியாகக் கரையாத என் மருந்தைக் கரையவைக்க ஒரு பாலிமரோடு (நீளச் சங்கிலி மூலக்கூறுப் பொருள்) சேர்க்கப் போகிறேன். பெக் 6000 (பாலிஎத்திலீன் கிளைகால்) நல்லதா, பிவிபி (பாலிவினைல் பைரோலிடோன்) நல்லதா?

எந்த மருந்து? அதைச் சொல்லாமல் பாலிமரைக் கேட்டு என்ன பயன்? பெக் 60 டிகிரி வாக்கில் உருகும், வேலை சுலபம். ஆனால் அதுவே படிகமாகும் பொருள். படிகமான மருந்து மெதுவாகத்தான் கரையும். மருந்தைப் படிகமாகாமல் பிடித்துவைக்க பெரும்பாலும் பிவிபியோ எச்பிஎம்சியோதான் (செல்லுலோஸ் வகைப் பாலிமர்) கைகொடுக்கும். மருந்தின் பெயர், உருகுநிலை, டோஸ் மூன்றையும் எழுதுங்கள்.

அரூர் வாசகர்: எங்கள் பக்கம் மரவள்ளி ஸ்டார்ச் மலிவு. சேர்த்தால் மருந்து நன்றாகக் கரையுமா?

மாத்திரை சீக்கிரம் உடையும், அவ்வளவுதான். உடைவது வேறு, கரைவது வேறு.

ஓசூர் ஆய்வு மாணவி: இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தையும் பிவிபி கே30-ஐயும் சேர்த்துச் செய்த சாலிட் டிஸ்பெர்ஷன் (மருந்தைப் படிகமில்லாமல் பாலிமருக்குள் பரவவிட்ட திடக் கலவை) முதல் நாள் 10 நிமிடத்தில் 80 சதவீதம் கரைந்தது. இரண்டு மாதம் கழித்து அதில் பாதிகூட வரவில்லை. ஏன்?

"ஜிப் கவரில் போட்டு மேசையில் வைத்திருந்தேன்" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான். படிகமற்ற இண்டோமெத்தசின் தனியாக இருந்தால் சுமார் 42 டிகிரியிலேயே இளகிவிடும். உலர்ந்த பிவிபிக்கு அந்த வெப்பநிலை 160 டிகிரி வாக்கில் இருப்பதால் கலவை இறுகி நிற்கிறது. ஆனால் பிவிபி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழைக் காற்றில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறினால் கலவை இளகும் வெப்பநிலை மளமளவென்று இறங்கும், மூலக்கூறுகள் நகரும், மருந்து பழையபடி படிகமாகிவிடும்.

இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. என்னிடம் வரும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் முதல் நாள் வரைபடத்தை மட்டும் காட்டி, மருந்து பல மடங்கு கரைகிறது என்று முடித்துவிடுகின்றன. எக்ஸ்ஆர்டி (படிகம் இருக்கிறதா என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் சோதனை) ஒரே ஒரு தடவை. வெறுமனே கலந்த பிசிக்கல் மிக்ஸரைச் சோதிப்பதே இல்லை. பாலிமர் மருந்துத் துகளை நனையவைப்பதாலேயே கரையும் வேகம் கொஞ்சம் கூடும். அதைக் கழிக்காமல் எப்படிக் கணக்கு சொல்வது? 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்து 1, 3, 6 மாதங்களில் எக்ஸ்ஆர்டியும் டிசொல்யூஷனும் (கரையும் வேகச் சோதனை) பாருங்கள். மிச்சப் பொடியை அலுமினிய உறையில் சிலிகா ஜெல்லோடு சீல் செய்யுங்கள். ஈரம், ஈரம், ஈரம். எத்தனை தடவை எழுதுவது!

கிருஷ்ணகிரி வாசகர்: படர்தாமரைக்கு டாக்டர் இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் எழுதினார். உள்ளே இருக்கும் உருண்டைகளைப் பொடித்துச் சாப்பிடலாமா?

கூடாது. சர்க்கரை உருண்டைமேல் மருந்தையும் எச்பிஎம்சியையும் சேர்த்துப் பூசியிருப்பார்கள். சாப்பிட்ட கையோடு கேப்ஸ்யூலை முழுசாக விழுங்குங்கள். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இந்த வகை நன்றாகக் கரையும். அதனால் கேஸ் மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்புறம், ஸ்ட்ரிப்பிலிருந்து மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். இங்கேயும் ஈரம்தான் எதிரி.