கடலுக்குப் போனா பள்ளிக் கட்டணம் இடிக்குதுங்க, என்ன பண்றது?

கேள்வி: வணக்கமுங்க. நாங்க திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வாரம் 7,000 ரூபாய். நான் செக்கிங் போறேன், வாரம் 3,500. அத்தையும் கூட இருக்காங்க. பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது. வாடகை 6,500, வண்டி டியூ 3,200. பால், கரண்ட், அத்தை மருந்து எல்லாம் சேர்த்து மாசம் 4,000. மளிகை, காய், பெட்ரோலுக்கு வாரம் 4,500 ஆகுதுங்க.

போன மே மாசம் கார் எடுத்துக்கிட்டு வெள்ளி, சனி, ஞாயிறு ஆலப்புழா போய் வந்தோம். காருக்கு 13,500, ரூமுக்கு 6,400, படகு வீட்டுக்கு 5,500, சாப்பாட்டுக்கு 6,000, ஆக 31,400 ஆச்சு. லீவுல நாலஞ்சு படமும் பார்த்தோம். ஜூன்ல ஸ்கூல் பீஸ் 27,000 கட்ட முடியாம 2 பவுன் சங்கிலியை 30,000-க்கு அடகு வெச்சோம். நூத்துக்கு ஒன்றரை வட்டி, இன்னும் மீட்கலை. இந்த வருசம் எங்கேயும் வேண்டாம்னு அவர் சொல்றார். பிள்ளைங்க முகத்தைப் பார்த்தா மனசு கேக்கலை. பக்கத்து வீட்டு அக்கா மாசம் 1,500 கட்டற டூர் சீட்டுல சேரச் சொல்றாங்க. சேரலாமுங்களா?

பதில்: போய் வாருங்கள். ஆனால் போன வருடம் போன மாதிரி வேண்டாம். டூர் சீட்டும் வேண்டாம். 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்து, பதிவு எண்ணை ரசீதில் போட்டுத் தருகிறவர்களிடம்தான் சீட்டுக் கட்ட வேண்டும். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம், அவரிடம் வசூலிக்கிற ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. கடலுக்கு ஆனதை ரூபாய் சுத்தமாக எழுதிய நீங்கள், சினிமாவை மட்டும் "நாலஞ்சு படம்" என்று முடித்துவிட்டீர்கள். வீட்டில் காசு காணாமல் போகிற இடம் இதுதான். மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 190 என்று வைத்தால் ஐந்து பேருக்கு 950. ஆன்லைன் புக்கிங் கட்டணம் 150, இடைவேளையில் பாப்கார்னும் கூல்டிரிங்ஸும் 800, பெட்ரோலும் பார்க்கிங்கும் 100. ஆக ஒரு படம் 2,000 ரூபாய், ஐந்து படம் 10,000.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை. வெள்ளியும் சனியும் இரண்டு பேரும் ஷிப்ட் போகவில்லை. உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 1,750. இரண்டு நாளைக்கு 3,500 சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். அப்படியானால் போன கோடை லீவுக்கு ஆனது 31,400 இல்லை, ஏறக்குறைய 45,000. நான்கு வாரச் சம்பளத்துக்கும் மேல். அடுத்த மாதமே பீஸ். சங்கிலி அடகுக்கு போகாமல் என்ன செய்யும்?

இனி இந்த வருடக் கணக்கு. மாதச் செலவு, வாரச் செலவு, அடகு வட்டி 450 எல்லாம் போக, நான்கு சனிக்கிழமை வரும் மாதத்தில் உங்களிடம் 9,850 நிற்க வேண்டும். நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். சம்பளம் வாங்கிய அன்றே எடுத்து வைக்காத காசு செவ்வாய்க்கிழமை வரை தாங்காது. அதனால் வருகிற பிப்ரவரி 21 தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் 2,400 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத சேமிப்புக் கணக்கு போதும். அதை ஜிபேயில் மட்டும் இணைக்காதீர்கள். அஞ்சலக ஆர்டி நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், இந்த வேலைக்கு ஆகாது.

ஜூன் 6 வரை 16 சனிக்கிழமைகள். அதில் மே 30 தனி ரகம். வாரச் சம்பளக்காரர்களுக்கு வருடத்தில் நான்கு மாதம், சில வருடம் ஐந்து மாதம், ஐந்தாவது சனிக்கிழமை என்று ஒன்று வரும். அந்த மாதம் வாடகை கூடுவதில்லை, வண்டி டியூ கூடுவதில்லை. வாரச் செலவு 4,500 போனால் 6,000 ரூபாய் முழுசாகக் கையில் நிற்கும். திருப்பூரில் இத்தனை குடும்பங்கள் வாரச் சம்பளம் வாங்குகின்றன, இந்த ஐந்தாவது வாரத்தைத் தனியாக எடுத்து வைக்கிற வீடு அபூர்வம். 15 வாரத்துக்கு 36,000, மே 30-க்கு 6,000, ஆக 42,000. இதில் பீஸ் 27,000 போனால் 15,000 உங்கள் லீவுக் காசு.

15,000-க்குள் கடல் பார்க்க முடியுமா? முடியும், காரை விட்டால். சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக ஆலப்புழா எக்ஸ்பிரஸ் தினமும் போகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு, ஞாயிறு விடியலுக்கு முன்னால் திருப்பூரில் ஏறினால் முற்பகலில் ஆலப்புழா. கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கம், ஆட்டோ பிடித்தாலும் சில நிமிடம்தான். 1862-இல் கட்டிய பழைய கடல்பாலத்தின் தூண்கள் தண்ணீருக்குள் வரிசையாக நிற்பதைப் பையனுக்குக் காட்டுங்கள், அதற்குக் காசு கிடையாது. படகு வீட்டுக்குப் பதிலாக ஊருக்குள் இருக்கும் படகுத் துறையில் கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரண படகில் ஏறுங்கள். ஊர்க்காரர்கள் பஸ் மாதிரி ஏறி இறங்குகிற படகு அது. அதே காயல், அதே தென்னந்தோப்பு, ஒரு ஆளுக்கு சில பத்து ரூபாய். 5,500 கொடுத்தவர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் வயிறு எரியும்தான்.

திங்கள் பிற்பகல் கிளம்புகிற ரயிலில் இரவுக்குள் வீடு. போக வர ஸ்லீப்பரில் ஐந்து பேருக்கு 2,500 வையுங்கள். அத்தைக்கு மூத்த குடிமக்கள் சலுகை உண்டு என்று நினைக்காதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தியதை ரயில்வே திரும்பத் தரவில்லை. பெண்ணுக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். அந்த நேரத்து ரயிலுக்கு பெர்த் எடுத்துவிடுவதே நல்லது. ஒரு ராத்திரி ரூம் 3,000, சாப்பாடு 3,500, படகும் ஆட்டோவும் 1,000. மொத்தம் 10,000. திங்கட்கிழமை ஷிப்ட் 1,750 போகும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் போகலாமா என்று அத்தை கேட்கலாம். சாமி கும்பிடப் போனால் சரி. மீன் சாப்பிடுகிற ஆசையில் என்றால் நேரம் சரியில்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை எகிறிக் கிடக்கும். கேரளத்தில் அந்தத் தடை ஜூனில்தான் ஆரம்பம். அதே நேரம் மே கடைசியில் ஆலப்புழா போகாதீர்கள். பருவமழை நெருங்கினால் அலை உயர்ந்துவிடும், தண்ணீரில் கால் வைக்க விட மாட்டார்கள், பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மே 3, 4 தேதிகள் உங்களுக்குச் சரியாக வரும்.

சினிமாவுக்கு மீதி 3,250. 1914-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டிய கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, படமே பார்க்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் கேட்கிற பெரிய படம் ஒன்றை மல்டிபிளெக்ஸில் பாருங்கள், 2,000. இன்னொன்று பழைய ஒற்றைத் திரை தியேட்டரில், டிக்கெட் 100 ரூபாய்க்குள் இருக்கிற இடமாகப் பார்த்து, 800. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 18. வெளியிலிருந்து முறுக்கும் பொரியும் கொண்டுபோவதைத் தியேட்டர்காரர் தடுக்கலாம், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் குடிதண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய் எங்கே என்று கேளுங்கள். வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போனால் இடைவேளை பில் பாதியாகும்.

எல்லாம் போக 450 ரூபாய் மிஞ்சும். இவ்வளவு இறுக்கமான கணக்கைத் திட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது ஊரில் ஷிப்ட் குறைந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏப்ரல் 18-ஆம் தேதி பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஒன்பது வாரத்துக்கு 21,600 போட்டிருக்க வேண்டும், அதில் டிக்கெட்டுக்கு எடுத்தது போக 19,100 இருக்கும். நிறையக் குறைந்தால் ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பயணத்தைக் காலாண்டு லீவுக்குத் தள்ளுங்கள். பீஸ் காசில் கை வைக்கக் கூடாது, இரண்டாவது அடகு வேண்டவே வேண்டாம்.

முதல் அடகை அரசு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றப் பாருங்கள். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம், அங்கே அதைவிடக் குறையும். தீபாவளி போனஸ் வந்ததும் துணிக்கடைக்குப் போகும் முன் சங்கிலியை மீட்டுவிடுங்கள். இந்த வருடம் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ஐந்தாவது சனிக்கிழமை உண்டு, அடுத்த ஜனவரியிலும் உண்டு. மூன்றிலும் 6,000 எடுத்து வைத்தால் 18,000. அடுத்த கோடைக்கு வாரா வாரம் சேர்க்கிற காசைத் தொடவே வேண்டியிருக்காது, உங்கள் வீட்டுக்காரரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். மார்ச் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள், லீவு நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். திருப்பூருக்கு ரயில் வருவது நள்ளிரவுக்குப் பிறகு. அதனால் டிக்கெட்டில் சனிக்கிழமை தேதி போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை தேதி போட வேண்டும்.